சாலை சும்மா கிடந்த நாட்களில் ஒரு மாவுக்கட்டுக்காரன்

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் யாரையும் "போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பக் கூடாது என்பார்கள்; மாவுக்கட்டு போடுகிறவன் மட்டும் அதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். போட்ட கட்டைப் பிரிக்க வரவேண்டுமே! சொல்லாமல் விட்டால் கட்டோடு கல்யாணம், காதுகுத்து என்று சுற்றிவிட்டு மூன்று மாதம் கழித்து வந்து நிற்பார்கள். உள்ளே கை விறகாகியிருக்கும்.

கட்டுப் போட்டுக்கொண்ட அனுபவம் உள்ள வாசகர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே அரிப்பு எடுக்கும்போது விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறிந்த சுகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறைக்க வேண்டாம். பிரிக்கும்போது உள்ளேயிருந்து எத்தனை குச்சிகளை எடுத்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கட்டுக்குள்ளிருந்து சிவப்பு மைப் பேனாவின் மூடி வந்தது. அதைத் தேடாத இடமில்லை என்று சொல்லி, வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தேன். டாக்டர் எலும்பை இழுத்துச் சேர்ப்பார், நான் மாவு தடவிய துணிச் சுருளை நனைத்துச் சுற்றுவேன். காய்ந்ததும் கட்டின் மேல் பட்டையான மைப்பேனாவால் இரண்டு தேதி எழுதுவேன். ஒன்று போட்ட தேதி, மற்றது பிரிக்கும் தேதி. சீட்டு தொலைந்து போகும், கட்டு தொலையாது. எங்கள் ஊர்ப்பக்கம் பஞ்சாங்கத்துக்கு அடுத்தபடி மதிப்பு அந்தத் தேதிக்குத்தான்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் சாலையில் விழுந்தவர்கள். ஒரே பைக்கில் நாலு பேர் போய் விழுந்தவர்கள், நான்கு வழிச்சாலையை நினைத்த இடத்தில் கடந்தவர்கள், தறிக்குக் கூலி வாங்கிய சனிக்கிழமை சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போகாதவர்கள். ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சாலை ஒரு நாள் அப்படியே நின்றது. ஊரடங்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஓர் ஏக்கம் வருகிறது. நோயை நினைத்து இல்லை. என் பெரியப்பா மகனை அதில்தான் பறிகொடுத்தேன். ரோட்டில் யாரும் விழாத அந்தச் சில வாரங்களை நினைத்துத்தான்.

கடைசி நாள்

சாயங்காலம் ஆறு மணியோடு எல்லாம் மூடப் போகிறார்கள் என்று சொன்ன நாள் அது. ஊரே மளிகைக் கடையில் நின்றது. வாங்கியதை ஏற்றிக்கொண்டு பறந்த வேகத்தில் மத்தியானத்துக்குள் என் பெஞ்சும் நிறைந்துவிட்டது. ஒருவர் எண்ணெய் டின்னோடு விழுந்து, எண்ணெய் வழியும் சட்டையோடு வந்திருந்தார். கட்டு ஒட்டுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்று மணிக்கு பரளச்சிக்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒரே பைக், நடுவில் ஒரு மூட்டை வெங்காயம். மினி பஸ் டிரைவர் முருகேசனுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. பின்னால் உட்கார்ந்து வந்த அவர் மச்சினன் பால்ச்சாமிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. பால்ச்சாமி முருகேசனின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. பஸ்ஸை ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவர், மச்சினனையும் வெங்காயத்தையும் ஏற்றிக்கொண்டு சொந்த பைக்கில் சறுக்கிவிட்டார். கைக்கு ஆறு வாரம், காலுக்குப் பத்து வாரம் என்றார் டாக்டர். அதாவது கையை மே மாதம் பிரிக்க வேண்டும், காலை ஜூனில்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எனக்கு அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருவருக்கும் ஒரே மூச்சில் எழுதியதில், டிரைவரின் கையில் ஜூன் மாதத் தேதியையும், மச்சினனின் காலில் மே மாதத் தேதியையும் மாற்றி எழுதிவிட்டேன். கையை நாள் கடந்து பிரித்தால் விறைத்துப்போகும். காலை நாளுக்கு முன் பிரித்து ஊன்றினால் கோணிப்போகும். இது தெரியாமல், "பஸ்ஸு இல்லாட்டி எப்பிடிப் பிரிக்க வருவீக?" என்று நான் கேட்டதற்கு முருகேசன் சிரித்தார்.

"ஒரு வாரந்தான அண்ணாச்சி மூடுறாக, அதுக்குப் பெறகு நம்ம பஸ்ஸுலயே வாரோம்."

காலி பெஞ்சு

ஒரு வாரம் மூன்று வாரமானது, மூன்று வாரம் இன்னும் நீண்டது. முதலில் எனக்குப் பிடிபடாதது சத்தம் இல்லாததுதான். விசைத்தறி ஓடும் ஊரில் பிறந்தவன் நான். வீட்டில் பேசுவது கன்னடம். ஆனால் தூங்கவைத்த தாலாட்டு தறிச் சத்தம்தான். என் தம்பி வீட்டு நாலு தறியும் நின்ற அன்று, தண்ணீர்க் குழாய் சொட்டுவது தெருமுனை வரை கேட்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போது நடுரோட்டில் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூட எனக்காக எழுந்திருக்கவில்லை.

கட்டு அறையில் கூட்டமே இல்லை. மதுக்கடை மூடியதால் சனிக்கிழமையும் மற்ற நாள் போல வந்து போனது. வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குள் விழுந்தவர்கள். வத்தல் காயப்போட மொட்டை மாடி ஏறியவர், பரணில் கிடந்த கேரம் போர்டை எடுக்க ஏறியவர், வேப்பம்பூ பறிக்கப் போனவர். ஒருவர் மட்டும் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெளியில் சுற்றியதற்குப் போலீஸ் கொடுத்த பரிசு அது என்று முட்டியில் இருந்த தடமே சொன்னது.

ஐம்பது வயது ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கணுக்கால் பிசகி வந்தார். பேத்தியோடு பாண்டி ஆடினாராம். வழக்கமாகக் கடையை மூடி வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே காலை நீட்டினார். வலியில் முகம் கோணினாலும் உதட்டில் சிரிப்பு இருந்தது. ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி கெடக்கு சார், எட்டுக் கட்டத்துல ஆறு கட்டம் தாண்டிட்டேன்ல!"

மோதியது யார்?

ரோட்டில் யாருமே விழவில்லை என்று சொன்னால் பொய்யாகும். வந்தது கொஞ்சம் பேர்தான். ஆனால் வந்த ஒவ்வொருவரும் ஒழுங்காக உடைத்துக்கொண்டு வந்தார்கள். முன்பெல்லாம் நெரிசலில் உருண்டு விரலையும் மணிக்கட்டையும் முறித்துக்கொள்வார்கள். இப்போது வந்தவர்களுக்குத் தொடை, இடுப்பு. நான் முதலுதவிக்கு ஒரு பட்டை வைத்துக் கட்டுவேன், அப்படியே மதுரைக்கு அனுப்பிவிடுவோம்.

அப்படி ஒருத்தன் ஏப்ரல் மாதம் வந்தான். இருபத்திரண்டு வயசு, அண்ணனின் புது பைக். பாஸ் இல்லாமல் நான்கு வழிச்சாலையில் ஏறியிருக்கிறான். எதிரே மோத லாரி இல்லை, குறுக்கே வர ஆடு இல்லை, ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிக்க ஒரு பஸ் இல்லை. பைக் தானாக நடுத்தடுப்பில் ஏறி, ஆளை அரளிச் செடிக்குள் வீசியிருக்கிறது. தொடை எலும்பு இரண்டு துண்டு.

கூட வேலை பார்த்த செல்வராணி சிஸ்டர் வழக்குச் சீட்டு எழுதினார். எந்த வண்டி மோதியது என்று ஒரு கட்டம் உண்டு. பையனிடம் மூன்று முறை கேட்டும், "வண்டி ஏதும் இல்ல சிஸ்டர்" என்றே சொன்னான். குடிச்சிருந்தியா? இல்லை. தூங்கினியா? இல்லை. போன் பேசினியா? இல்லை. பின்னே எதற்குத்தான் விழுந்தாய் என்று சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவன் வலியிலும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னான்.

"ரோடு காலியா இருந்துச்சு சிஸ்டர், அதான்."

கையே பாஸ்

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, நரிக்குடிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் கட்டுப் பிரிக்க வந்து நின்றார். கட்டில் எழுதிய தேதி அன்றைக்குத்தான். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, வழியில் மூன்று இடத்தில் போலீஸ். எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தடுப்பிலும் கையை நீட்டிக் காட்டினாராம். "இந்தா பாருங்க, ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காக, இன்னைக்குத் தேதி" என்று. முதல் தடுப்பில் வாசித்துவிட்டு விட்டார்கள். இரண்டாவதில் சிரித்துவிட்டு விட்டார்கள்.

மூன்றாவதில் இருந்த ஏட்டு கொஞ்சம் சட்டம் பேசுகிறவர். கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். தேதி சரி, ஊர் சரி, கையும் சரிதான் என்று ஒத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு குறை கண்டுபிடித்தாராம். ஆட்டுக்காரர் அதை எனக்கு அவர் குரலிலேயே நடித்துக் காட்டினார்.

"எல்லாம் சரிதான் பெருசு, ரவுண்டு சீல் எங்க?"

நம்பரைக் கேட்கிற குரல்

ஆட்டுக்காரர் போனபின் சிரித்துக்கொண்டே என் நோட்டை எடுத்தேன். இப்படித் தேதியை நம்பிக் கிளம்பப்போகிறவர்கள் இன்னும் யார் யார் என்று பார்க்கலாம் என்றுதான். கட்டில் எழுதுவதையே நோட்டிலும் எழுதி வைப்பது என் பழக்கம். முருகேசன், வலது கை, ஜூன். பால்ச்சாமி, இடது கால், மே. சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கோபித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "டிரைவரோட வலது கை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செல் நம்பர் எழுதும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வரிசையாக நின்ற மினி பஸ்களில் பரளச்சி வண்டியைக் கண்டுபிடித்து, பின்பக்கம் எழுதியிருந்த முதலாளியின் நம்பருக்குப் பேசி, அவரிடம் முருகேசனின் நம்பரை வாங்கினேன். போனை எடுத்தது பால்ச்சாமி. காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு கிடந்ததால் அந்த வீட்டுக்கு அவன்தான் போன் ஆபரேட்டர். அவன் சொன்னதைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பஸ் இல்லாததால், தேதி வந்ததும் கட்டை அவர்களே பிரித்துக்கொள்ளப் போகிறார்களாம். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் டைல்ஸ் அறுக்கும் மெஷின் இருக்கிறதாம், சொல்லி வைத்துவிட்டார்களாம்.

"ஐயா சாமி, அந்தத் தேதி தப்பு. ஒங்க கால்ல இருக்கதும் மச்சான் கையில இருக்கதும் மாறிப்போச்சு, அழிச்சிட்டு நான் சொல்ற நம்பரப் போடுங்க" என்று கெஞ்சினேன். எதிர்முனையில் குரல் மாறியது.

"நேத்து ஒருத்தன் பேங்குல இருந்து பேசுறேன்னு கார்டு மேல இருக்க நம்பரக் கேட்டான், இன்னைக்கு நீ கட்டு மேல இருக்க நம்பர மாத்தச் சொல்றியா, வைலே போன!"

நாலு சுற்று

மறுநாள் டாக்டர் கொடுத்த கடிதத்தோடு கிளம்பினேன். ரவுண்டு சீல் இருந்தது. கட்டு வெட்டும் கத்திரி, பஞ்சு, நாலு சுருள் எல்லாம் பையில். பரளச்சி ரோட்டில் என் பைக்கைத் தவிர ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் உழாத கரிசல், வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு மயில் ரோட்டின் வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்து போனது, அதற்கென்றே போட்டு வைத்தது மாதிரி. எவ்வளவு அழகான ரோடு இது, இத்தனை வருடம் இதில் உடைந்த எலும்பை மட்டும்தானே பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தால், முள் எழுபதைத் தாண்டியிருந்தது. வாழ்நாளில் நாற்பதைத் தாண்டாதவன் நான். ரோடு காலியாக இருந்தது, அதான்.

வேகத்தைக் குறைத்தேன். நல்ல வேளை. அடுத்த வளைவில் ரோடு முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தது. எங்கள் பக்கம் இது வழக்கம். பயறு, உளுந்து, கொள்ளு எதுவானாலும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மேலே ஏறி மிதித்துக் கொடுக்கும். அதில் சறுக்கி விழுந்தவர்களுக்கு நான் போட்ட கட்டுகளைச் சேர்த்தால் ஒரு லோடு தேறும். "ரோட்டுல போடாதீகன்னு எத்தனை தடவ சொல்றது" என்று ஆரம்பித்தேன். ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் என் சத்தத்தைக் காதிலேயே வாங்கவில்லை. முகமெல்லாம் மலர எழுந்து வந்தார். மூன்று நாளாக வெயிலில் காய்ந்து கிடக்கிறதாம், ஒரு வண்டி வரவில்லையாம். கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி எடுத்த ஒரே வெள்ளாமை, மழை கிழை வந்தால் எல்லாம் போச்சு என்று கண்கலங்கினார்.

அவசரம் என்று சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மாவுக்கட்டுக்காரன், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, உளுந்துச் செடி மேல் நடைவேகத்தில் நாலு சுற்றுச் சுற்றினேன். நெற்று வெடிக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் அந்த அம்மாளுக்குத் திருப்தி இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒன் வெயிட்டு இதுக்குப் பத்தாது தம்பி, வாரப்ப பின்னால ரெண்டு ஆள ஏத்திட்டு வா."

தள்ளிவைத்தது யார்?

பரளச்சியில் என்னை நேரில் பார்த்ததும் பால்ச்சாமி கட்டிலில் இருந்தபடியே கும்பிட்டான். "நீங்கதானா அண்ணாச்சி போன்ல!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். வாசலில் கொத்தனாரின் மெஷின் வந்து இறங்கி, ஒயர் எல்லாம் தயாராக இருந்தது. பொறுக்க முடியாத அரிப்பாம், அதனால் தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே பிரித்துவிடலாம் என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்கே நாள் குறித்திருந்தார்கள்.

கட்டுகளில் இருந்த தேதிகளை அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன். "தப்பு என்னோடதுதான். கூட்டத்துல மாத்தி எழுதிட்டேன்" என்று முருகேசனின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் தப்பாக எழுதுவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பத்தாவது பரிட்சை தள்ளிப் போயிருக்கிறது, பங்குனிப் பொங்கல் தள்ளிப் போயிருக்கிறது, கொத்தனார் மகள் கல்யாணமே தள்ளிப் போயிருக்கிறது என்று விரல்விட்டு எண்ண முடியாத கையோடு கணக்குச் சொன்னார்.

நான் மறுபடியும் என் தப்பு என்றேன். அவர் மனைவி பேச்சியம்மாள் அடுப்படியில் இருந்து மோரோடு வந்தார். அவருக்கு மட்டும் புரிந்துவிட்டது என்பது அவர் பார்வையில் தெரிந்தது. "இனிமே இவரு கை ஸ்டியரிங்கப் பிடிச்சிருமா அண்ணே?" என்று மெல்லக் கேட்டார். அதுதான் என் நெஞ்சிலும் ஓடிக்கொண்டிருந்த கேள்வி. சரியான நாளில் பிரித்தால் பிடித்துவிடும், நானே வந்து பிரிக்கிறேன் என்றேன். முருகேசன் அதற்குள் மச்சினனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்.

"எல்லாத்தையும் தள்ளி வச்ச கவர்மெண்டு ஒன் கால மட்டும் விட்டுருமாலே, ஒனக்குத் தள்ளி வச்சு எனக்கு முன்னாடி போட்டுட்டாக!"

மடங்காத கை

மே மாதம் சொன்னபடி போய்ப் பிரித்தேன். ஆறு வாரம் அடைபட்ட கை எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். "மடக்குங்க" என்றேன். விரல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன. முருகேசன் இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. கண் நிறைந்தது. இது எல்லாருக்கும் இப்படித்தான், தினம் பழக்கினால் வந்துவிடும் என்று சொன்னேன். சொன்ன எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

பிசைகிற வேலை, பிழிகிற வேலை எது இருந்தாலும் இந்தக் கையிடம் கொடுங்கள் என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். போகும்போதெல்லாம் அந்த உளுந்துக்கார அம்மாளின் இடத்தில் வேகத்தைக் குறைப்பேன். ஜூனில் பால்ச்சாமியின் காலும் நேராக வந்தது. முருகேசன் சப்பாத்தி மாவு பிசைந்தார், துணி பிழிந்தார், புளி கரைத்தார், தேங்காய் திருகினார். தெருவில் இருந்த பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். விரல் நாளுக்கு ஒரு நெல்லளவு கூடுதலாக மடங்கியது. ஆடி மாதம் போனபோது சுண்டுவிரல் உள்ளங்கையைத் தொட்டது. நான் சந்தோஷத்தில், இனி பஸ் விட வேண்டியதுதான் பாக்கி என்றேன். பேச்சியம்மாளுக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

"மெதுவா விடட்டும் அண்ணே, கல்யாணமாகி பதினாலு வருசத்துல இப்பத்தான் நான் ஒக்காந்து சாப்பிடுறேன்."

முதல் டிரிப்

எல்லாம் ஒருநாள் திறந்தது. தறிகள் ஓடின. மதுக்கடை முன்னமே திறந்துவிட்டது. ஆடுகள் ரோட்டை விட்டு எழுந்து போயின. அந்த வாரமே என் பெஞ்சும் பழையபடி நிறைந்தது. மணிக்கட்டு, முழங்கை, கணுக்கால். பூட்டியிருந்த நாளுக்கெல்லாம் சேர்த்து ஓட்டுகிறார்கள் என்றார் செல்வராணி சிஸ்டர். மயிலை நான் அப்புறம் அந்த ரோட்டில் பார்க்கவில்லை. கை ஓயாமல் சுருள் சுற்றும்போதெல்லாம், படுத்து அசைபோட்ட ஆடுகள்தான் நினைவுக்கு வரும்.

பரளச்சி மினி பஸ் ஓட ஆரம்பித்த அன்று லீவு போட்டுவிட்டு முதல் டிரிப்பில் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். முருகேசன் விபூதி பூசி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, வலது கையால் சக்கரத்தைப் பற்றினார். ஐந்து விரலும் மடங்கி இறுகின. வண்டி நகர்ந்தது. வளைவில் திரும்பினார், மேட்டில் ஏற்றினார், ஒரு குலுங்கல் இல்லை. அந்த ஒரு கைக்காகவே இருபத்தாறு வருடம் வேலை பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. அதே ரூட்டில் ஐந்து நிமிஷம் தள்ளி ஓட வேண்டிய இன்னொரு மினி பஸ். அத்தனை மாதம் நின்ற பசி அவனுக்கும் இருக்குமே. முருகேசன் கண்ணாடியைப் பார்த்தார். காலை அழுத்தினார். பனைகள் பின்னால் பறந்தன. கூடையில் இருந்த கோழி கத்தியது. உள்ளே இருந்தவர்கள் பயப்படுவார்கள் என்று பார்த்தால், "விடாதண்ணே!" என்று எழுந்து நின்றார்கள். முன்கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "முருகேசு, மெதுவா! அந்தக் கை இப்பத்தான் தேறியிருக்கு, அதுல ஒனக்கு வலு பத்தாது!" என்று கத்தினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வேகத்தில் வலது கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து, என் மூக்குக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்து விரித்து மடக்கினார்.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி, எப்பிடி மடங்குது பாருங்க!"

ஊரடங்கை இன்னும் ஒரு வாரமாவது நீட்டியிருக்கலாமே என்று அந்த நேரத்தில் தமிழ்நாட்டிலேயே மனதாரப் பிரார்த்தித்த ஒரே அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.